முப்பத்தொன்றாம் எண் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, உன் தம்பி, நான் மூவரும் சுகம். உன் சுகத்தைப் போனில் நீ சொல்கிறபடி இல்லாமல் உள்ளது உள்ளபடி தெரிந்துகொள்ள ஆசை. முதலில் என் மானக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன வாரம் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, என்னங்க சட்டை இப்படித் தொளதொளன்னு தொங்குது, இளைச்சுட்டீங்களா என்று கேட்டாள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போனதும் சோதனைச் செடிகள் வளர்க்கிற கண்ணாடி வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, செடி வைத்த வாளிகளை எடை போடுகிற மின்தராசின் மேல் ஏறி நின்றேன். முப்பது கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அதன் பக்கத்தில் எழுதி ஒட்டியவனே நான்தான். அது கீய் கீய் என்று கத்த ஆரம்பித்தது, நான் இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. பக்கத்து மேசையில் செடிகளுக்கு உப்புத்தண்ணீர் கலந்து ஊற்றுகிற உப்புக்காரர் ஓடி வந்தார், அவர் பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்துவிட்டார், நீ நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்பும்போது உனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தாரே, அந்தச் செடி ஆராய்ச்சி டாக்டரம்மாதான். அண்ணே உங்களை நட்டு வெச்சுத்தான் எடை போடணும், முதல்ல ஒரு வாளி கொண்டுவரட்டுமா என்றார் உப்புக்காரர். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது, அந்தச் சிரிப்பை நிறுத்தியவனும் நான்தான் என்பதால் அன்றைக்குத் தராசின் பக்கத்தில் அசடு வழிய நின்றது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏன் அவர் சிரிப்பு நின்றது என்பதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாததா, அம்மா கையில் பிடித்தால் முக்கால் மணி நேரம் அவளுக்கு, மிச்சம் தம்பிக்கு, எனக்கு வந்து சேருவது சரிப்பா வெச்சுடட்டுமா என்கிற கடைசி வார்த்தை மட்டும். தவிர முகம் தெரிகிற போனில் என்னால் இதைச் சொல்லவும் முடியாது. இந்தத் தாள்களின் பின்பக்கம் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும், நடுவில் சிவப்பு மையில் ஒரு பெரிய கோடு கிழித்திருக்கும். அவை எங்கள் சோதனையின் எடைத் தாள்களுடைய நகல்கள், இனி யாருக்கும் பயன்படாதவை. பயன்படாமல் போனது என்னால். படித்து முடித்த பிறகு திருப்பிப் பார், இப்போதே பார்க்காதே.

நீ அங்கே போன மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினாய், ஞாபகம் இருக்கும். அம்மா கடைக்குப் போயிருந்தாள், நான்தான் எடுத்தேன். ஒரே அறையில் ஆறு பேர், மேல்படுக்கையில் ஏறி இறங்கி முட்டி வலிக்கிறது, வார்டில் மூத்த நர்ஸ் நோயாளிகளுக்கு முன்னாலேயே உன் பேச்சைப் பேசிக் காட்டிக் கேலி பண்ணுகிறாள், குளிரில் கைவிரல் வெடித்துவிட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டு, அப்பா நான் திரும்பி வந்துடட்டுமா என்று கேட்டாய். நான் என்ன செய்தேன், ஒரு பிரசங்கம் செய்தேன். ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் பட்டு, தாங்கிக்கோ, பழகிடும், எங்க கண்ணாடி வீட்டுல வந்து பாரு, சொட்டுத் தண்ணி இல்லாம செடிங்க இருபது நாள் நிக்குது, கஷ்டத்துல நிக்கிற செடிதான் நல்ல செடி என்று ஏதோ நானே நாலு விதை கண்டுபிடித்த ஆள் மாதிரிப் பேசினேன். நீ சரிப்பா என்றாய். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்பா, அது ஒன்றுதான். எனக்குப் பதினைந்து வருஷமாக வாடுகிற இலையைப் பார்ப்பதுதான் வேலை, ஆனால் போனில் வருகிற குரலைப் பார்க்க ஒரு தராசும் இல்லை.

இப்போது சோதனையைச் சொல்கிறேன், சுருக்கமாகத்தான், பயப்படாதே. மக்காச்சோளத்தில் நாற்பது ரகம், ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு வாளி, ஆக நூற்று அறுபது வாளி. ஒரே எண்ணை ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள், ஒன்று கதவோரம், ஒன்று மூலையில், ஒன்று காற்றாடிக்குக் கீழே என்று கலைத்துப் போட்டு வைப்பார்கள், இடத்தின் நல்லது கெட்டது ஒரே ரகத்தின் தலையில் விழக்கூடாது என்பதற்காக. மூன்று வாரம் எல்லாவற்றுக்கும் அளந்து தண்ணீர். அப்புறம் ஒரு நாளில் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அதிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு வாளியையும் தராசில் தூக்கி வைத்து எடையை எழுத வேண்டும், அது என் வேலை, மத்தியானம் ஆகிவிடும், இடுப்பு கழன்றுவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு தண்ணீரைச் செடி செலவழித்திருக்கிறது என்று அர்த்தம். குறைவாகச் செலவழித்து, அதே சமயம் பச்சையாக நிற்கிற செடி எதுவோ அதுதான் தண்ணீர் இல்லாத நிலத்துக்கு ஏற்றது. இவ்வளவுதான் விஷயம், இதைக் கெடுக்கத் தனித் திறமை வேண்டும், அது எனக்கு இருந்திருக்கிறது.

தண்ணீர் நிறுத்திய எட்டாம் நாள் சாயங்காலம், மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வருகிறேன். கதவோரம் இருந்த முப்பத்தொன்றாம் எண், மற்றச் செடிகளெல்லாம் ஓரளவு விறைப்பாக நிற்கும்போது, இது மட்டும் இலையைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஒவ்வொரு இலையும் பென்சில் கனத்துக்கு ஆகிவிட்டது. எனக்கு அங்கிருந்து கால் நகரவில்லை. பதினைந்து வருஷத்தில் எத்தனையோ செடி செத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. நான் தேநீர் குடிக்கிற சின்ன டம்ளரை எடுத்தேன், குழாயில் பிடித்தேன், வேரில் ஊற்றினேன். ஊற்றிவிட்டுத் திரும்பினால் மூலையில் அதே எண்ணில் இன்னொன்று. அதற்கும் இதற்கும் ஒரே ரகம், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்ற மூன்று பேரையும் பட்டினி போட எப்படி மனசு வரும், தேடித் தேடிப் போய் நாலுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன். அந்த நியாயபுத்திதான் என்னைக் கெடுத்தது பட்டு. ஒன்றுக்கு மட்டும் ஊற்றியிருந்தால் அந்த ஒரு வாளி தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும், டாக்டரம்மா ஏதோ கோளாறு என்று அதை ஒதுக்கியிருப்பார். நாலும் ஒன்றுபோல இருந்ததால் நம்பிவிட்டார். காலையில் போய்ப் பார்த்தேன், நாலு செடியும் இலையை விரித்து நின்றன. எனக்கு என்ன பெருமை தெரியுமா, என்னமோ உயிர் கொடுத்தவன் மாதிரி. அப்புறம் அது தினசரி ஆகிவிட்டது, பன்னிரண்டு நாள், நாலு டம்ளர்.

தாளில் நான் ஒரு எண்ணையும் மாற்றி எழுதவில்லை, தராசு காட்டியதைத்தான் எழுதினேன். மற்ற வாளிகள் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம் குறைந்தால் முப்பத்தொன்று அறுபது கிராம்தான் குறைந்தது, மிச்சத்தை நான் சாயங்காலமே ஈடுகட்டியிருந்தேனே. எழுதியது அத்தனையும் நிஜம், ஆனால் மொத்தமும் பொய். டாக்டரம்மா அந்த எண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார், ஐயா இது எவ்வளவு சிக்கனமான செடி பாத்தீங்களா, பாதித் தண்ணிகூட செலவழிக்கலையே என்றார். அன்றிலிருந்து அதற்குச் சிக்கனக்காரி என்று பெயர். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன், ஆமாங்கம்மா நல்ல பொண்ணு என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சிக்கனக்காரியின் விதையை முதலில் எட்டு விவசாயிகளுக்குக் கொடுத்து வயலில் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகி, அவர்களைக் கண்ணாடி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, என் வயது இருக்கும், ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை, டாக்டரம்மா படம் காட்டி விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். நீங்கதானே தண்ணி ஊத்துறவரு, நீங்க சொல்லுங்க, நெசமாவே தண்ணி இல்லாமதான் நின்னுச்சா, எனக்கு இருக்கிறது ரெண்டு ஏக்கர், போன தடவை காஞ்சதுல ஒரு பிடி தேறல, இன்னொரு தடவை காஞ்சா நிலத்தை விட்டுட்டு எங்கயாவது கிளம்ப வேண்டியதுதான் என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை என்று அப்புறம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், ஆனால் அந்த அம்மா நம்பியது என் தலையாட்டலைத்தான், வாயை இல்லை. அவர் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அப்ப சரி, நீங்க சொன்னா சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டு, நான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதில் இரண்டு தடவை பெயிலானவன், உன் சித்தப்பா கல்யாணத்தில் மேடையிலிருந்து நாற்காலியோடு பின்னால் விழுந்தவன், வெட்கம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த வெட்கமெல்லாம் மேலே ஒட்டி உதிர்ந்துபோனவை. இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை, சட்டை தொளதொளவென்று ஆனது அப்போது ஆரம்பித்ததுதான், அம்மாவுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

நாலாம் நாள் டம்ளரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன். விதைப் பைகளில் ஒட்டுவதற்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். என்னமோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன், நாலு வாளி, பன்னிரண்டு நாள், அந்த அம்மாவிடம் தலையாட்டியது உட்பட. கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, டம்ளரைக் குடுங்க என்றார். குழாயில் தண்ணீர் பிடித்து அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். தொண்ணூறு மில்லி. நூற்றைம்பதில் அறுபது போக மிச்சம் எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள். எட்டு மாச வேலைங்க ஐயா என்றார், அதுவும் என்னிடம் சொல்லவில்லை, டம்ளரிடம் சொன்னார். அப்புறம் மெதுவாக ஒன்று கேட்டார், அதற்குக் கடைசியில் வருகிறேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். விட்டுட்டுப் போறது சுலபம், முதல்ல அந்த அம்மாவுக்குப் போன் போட்டு நீங்களே சொல்லுங்க என்று எண்ணை எடுத்துக் கொடுத்தார்.

போட்டேன். அம்மா நான் தண்ணி ஊத்துறவன் பேசுறேன் என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்துவது கேட்டது. அப்புறம் அந்த அம்மா, நல்லவேளை நான் இன்னும் உழக்கூட இல்ல, எங்க வயலுக்குச் சாயங்காலம் டம்ளரைத் தூக்கிட்டு யாரும் வர மாட்டாங்கய்யா, அதை மனசுல வெச்சுக்கிட்டு மறுபடியும் பாத்துட்டுச் சொல்லுங்க என்றார். திட்டவில்லை. இந்தக் கதை ஒரு வாரத்தில் வாட்ச்மேன் வரைக்கும் போய்விட்டது, இப்போது எனக்கு அங்கே பெயர் டம்ளர். டம்ளர் வந்தாச்சா, டம்ளர் சாப்பிட்டாச்சா. என் டம்ளர் டாக்டரம்மா மேசையில் பேனா போட்டு வைக்கிற டப்பாவாக ஆகிவிட்டது, நான் காகிதக் கோப்பையில் குடிக்கிறேன்.

சோதனையை விதையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். எடை போட வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், டாக்டரம்மா, தப்பு எந்த வழியா உள்ள வரும்னு தெரிஞ்ச ஆள் இப்ப நீங்க ஒருத்தர்தான், நீங்களே போடுங்க என்று சொல்லிவிட்டார். இன்றைக்குத் தண்ணீர் நிறுத்திப் பதினோராம் நாள். முப்பத்தொன்று மறுபடியும் மத்தியானத்திலேயே இலையைச் சுருட்டிக்கொள்கிறது. முதல் நாள் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்புக்காரர் வந்து அண்ணே கையைப் பையில போட்டுக்கோங்க என்று வெளியே தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், யாரும் ஒன்றும் ஊற்றாமலே இலையை விரித்துவைத்துக்கொண்டு நிற்கிறது! என் டம்ளரால்தான் அன்றைக்கு விரிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அதுவும் போயிற்று. டாக்டரம்மா சொன்னார், இலையைச் சுருட்டுவது செடி தோற்றுப்போவது இல்லையாம், வெயில் படுகிற இடத்தைக் குறைத்து, இலையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத வாசல்களைச் சாத்தி, இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்வதாம். மண் காய்கிறது என்று வேருக்குத்தான் முதலில் தெரியும், அது மேலே தகவல் அனுப்ப, இலை வாசலைச் சாத்துகிறது. நான் இரக்கப்பட்டது கெட்டிக்காரச் செடியைப் பார்த்து. அது நிஜமாகவே சிக்கனக்காரியாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னும் பத்து நாளில் தெரியும்.

அப்படியானால் எதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். சாயங்காலத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க ஐயா, காலையைப் பாருங்க என்றார். பகலில் வாடி, குளிர்ந்த பிறகு காலையில் விரிந்தால் அது சமாளிக்கிறது. காலையிலும் விரியவில்லை என்றால் வேரால் முடியவில்லை என்று அர்த்தம், அப்புறம் நாள் கடத்தினால் குடம் குடமாக ஊற்றினாலும் எழுந்திருக்காதாம். இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாகக் காயவிட்ட செடி பழகிக்கொள்ளும், ஒரேயடியாகக் காயப்போட்டால் எவ்வளவு நல்ல ரகமும் பொசுங்கும். கஷ்டத்தில் நிற்கிற செடிதான் நல்ல செடி என்று உனக்குப் பாடம் நடத்தினேனே, அதில் பாதி எனக்கே தெரியாமல் நடத்தியது. உப்பு மேசையிலும் இப்படித்தான், அங்கே இருக்கிற கோதுமை உள்ளே வந்துவிட்ட உப்பையெல்லாம் கீழே இருக்கிற பழைய இலைகளுக்கு அனுப்பிவிடுகிறது, அவை கருகி உதிர, மேலே குருத்து பச்சையாக வருகிறது. வீட்டில் பழைய இலை நானும் அம்மாவும்தான். நீ எங்களுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று எல்லாவற்றையும் குருத்திலேயே வைத்துக்கொள்கிறாய், அந்த வேலையை ஒரு கோதுமைகூடச் செய்வதில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தம்பி காற்றாடியைப் பழுது பார்த்தான், இப்போது காற்று மேலே போகிறது, கூரைக்கு நல்ல சுகம். அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள், ஒரு கை நீளமாகிவிட்டது, நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிடு. வெடித்த விரலுக்குப் படுக்கும் முன் எண்ணெய் தடவிக்கொள். நீ நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து, மனசு குளிர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசி. பதில் எழுதும்போது நல்லா இருக்கேன் என்று எழுதாதே. காலையில் கண் விழிக்கும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது, அது போதும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, இப்போதைக்கு டம்ளர்

கடைசியில் வருகிறேன் என்றேனே. டாக்டரம்மா கேட்டது இதுதான், ஐயா பதினஞ்சு வருஷமா ஊத்தாதவரு, அந்த எட்டாம் நாள் மட்டும் ஏன் ஊத்துனீங்க. பாவமா இருந்துச்சும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது தாளைத் திருப்பி எட்டாம் நாளின் தேதியைப் பார். நீ போன் பண்ணிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். அன்றைக்கு நீ கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது, வந்துடு கண்ணு என்பதுதான். என் மகள் வெளிநாட்டில் நர்ஸ் என்று வாட்ச்மேன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதை முழுங்கிவிட்டேன்.